ஒரே கணக்கு, மூன்று பேரேடு

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றின் மாதச் செலவுக் கணக்கை எடுத்துப் பார்த்தால், தண்ணீருக்கு ஒரு வரி, மின்சாரத்துக்கு ஒரு வரி, அரிசி பருப்புக்கு ஒரு வரி என்று தனித்தனியே எழுதியிருக்கக் காணலாம். குடும்பத்தில் மட்டுமன்று, அரசாங்கத்திலும் அப்படித்தான். நீருக்கு ஓர் அமைச்சகம், மின்சாரத்துக்கு மற்றோர் அமைச்சகம், வேளாண்மைக்கு ஒன்று, உணவு வழங்கலுக்கு இன்னொன்று. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் இருபது ஆண்டுகளாகக் கோப்புகளோடு குடித்தனம் நடத்தி வரும் நமக்கு, இவ்வாறு பிரித்து வைப்பதன் அவசியம் நன்றாகவே தெரியும். ஒரு கோப்பில் மிச்சம் பிடித்த தொகை வேறொரு கோப்பில் செலவாகத் தலைகாட்டும் விந்தையும் நமக்குத் தெரியும். தலைப்பு மாறுவதால் செலவு மறைந்துவிடுவதில்லை. நீர், மின்சாரம், உணவு ஆகிய மூன்றின் கதையும் இதுவே என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். புறநானூற்றில் குடபுலவியனார், பாண்டியன் நெடுஞ்செழியனிடம் நீர்நிலைகளை அமைக்குமாறு வேண்டுகிறார். உணவு என்பது நிலமும் நீரும் கூடியது என்பதே அவர் காட்டும் காரணம். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்த இரண்டும் போதுமாக இருந்தன. இன்று மூன்றாவதாக ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. அது கம்பியின் வழியே வருவது. நிலத்துக்கு அடியில் கிடக்கும் நீரை மேலே கொணர்வதற்கு மின்சாரம் வேண்டும் என்ற நிலை வந்த பிறகு, சோற்றுப் பருக்கை ஒவ்வொன்றிலும் மின்சாரமும் கலந்துவிட்டது.

முதலில் தண்ணீரைப் பார்ப்போம். தில்லி மாநகரம் நாளொன்றுக்கு ஏறக்குறைய நூறு கோடி காலன் குடிநீரை வழங்குகிறது. அதில் நகரின் எல்லைக்குள் ஊறுவது சிறு பகுதியே. யமுனை நீர் அரியானாவின் கால்வாய்கள் வழியாகவும், கங்கை நீர் உத்தரப் பிரதேசத்தின் மேல் கங்கைக் கால்வாய் வழியாகவும், பியாஸ், சட்லெஜ் நதிகளின் நீர் பக்ரா அமைப்பின் வழியாகவும் நமது குழாய்க்கு வந்து சேர்கின்றன. 1963ஆம் ஆண்டு அக்டோபரில் பண்டித நேரு நாட்டுக்கு அர்ப்பணித்த பக்ரா அணை, ஏறத்தாழ 740 அடி உயரமுள்ளது. அணைகளை அவர் ஆலயங்களுக்கு ஒப்பிட்டதை அறியாதவர் இலர். அந்த ஒரே அணை வயலுக்கு நீரும், ஆலைக்கு மின்சாரமும், நகருக்குக் குடிநீரும் தந்தது. அதைக் கட்டியவர்கள் மூன்றையும் ஒரே கணக்காகத்தான் பார்த்தார்கள். பிரித்து எழுதியவர்கள் பின்னால் வந்த நாமே.

கணக்கு ஒன்றே என்பதைத் தில்லிவாசிகள் 2016 பிப்ரவரியில் உணர்ந்தார்கள். அரியானாவில் இட ஒதுக்கீட்டுக் கிளர்ச்சி மூண்டு, கிளர்ச்சியாளர் முனக் கால்வாயை அடைத்தபோது தலைநகரின் பெரும்பகுதிக்கு நீர் நின்றது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். இராணுவம் சென்று கால்வாயை மீட்க வேண்டியதாயிற்று. நமது அரசுக் குடியிருப்பில் லாரி வந்த மாலை, நான்கு மாடிகளிலிருந்தும் வாளிகள் இறங்கின. நாள்தோறும் வணக்கம் சொல்லிக்கொள்ளும் அண்டை வீட்டார் வரிசையில் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டதை இன்றும் மறப்பதற்கில்லை. எங்கோ எழுபது எண்பது மைல் தொலைவில் யாரோ திறந்துவிட்டால் உண்டு, இல்லையேல் இல்லை என்ற நிலையில்தான் நமது சமையலறை இயங்குகிறது என்பது அன்று விளங்கிற்று.

அடுத்து அரிசி. நம்மில் பலர் சாப்பாட்டுக்கு ஊரிலிருந்து வரும் பொன்னியைத் தேடிப் பிடித்து வாங்குகிறோம். ஆனால் இட்லிக்கும் தோசைக்கும் இங்குள்ள மளிகைக் கடைகளில் கிடைக்கும் ‘பர்மல்’ அரிசியையே ஊறவைக்கிறோம். அது பஞ்சாப், அரியானா மண்ணில் விளைவது. அந்த மண் நெல் விளையும் மண்ணாக மாறியதில் தமிழர்க்கும் பங்குண்டு.

1965, 1966 ஆகிய இரண்டு ஆண்டுகளும் மழை பொய்த்தது. 1966இல் மட்டும் ஏறக்குறைய ஒரு கோடி டன் தானியம் வெளிநாடுகளிலிருந்து, பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து, கப்பலேறி வந்தது. அந்நாளில் மத்திய உணவு அமைச்சராக இருந்தவர் கோவை மாவட்டத்துச் சி. சுப்பிரமணியம். புதிய கோதுமை விதைகளுக்காக அயராது உழைத்த அறிஞர் கும்பகோணத்து எம்.எஸ். சுவாமிநாதன். மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமையைத் தருவிக்கத் துணிந்தது அப்போதுதான். விளைந்ததை வாங்கிச் சேமிப்பதற்காக 1965 ஜனவரியில் தோன்றிய இந்திய உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தது. பஞ்சம் தொலைந்தது, கையேந்தும் இழிவும் தொலைந்தது. அந்தச் சாதனையைக் குறைத்துச் சொல்ல நமக்கு உரிமையில்லை. நம் பெற்றோர் ரேஷன் கடையில் மணிக்கணக்கில் நின்றவர்கள்.

கோதுமையில் தொடங்கிய பஞ்சாப் பிறகு நெல்லுக்கும் வந்தது. 1960-61இல் அங்கு நெல் பயிரான பரப்பு சுமார் இரண்டேகால் லட்சம் ஹெக்டேர். அண்மை ஆண்டுகளில் அது முப்பது லட்சத்தைத் தாண்டிவிட்டது. அந்த மக்களின் அன்றாட உணவோ ரொட்டி. தாம் அதிகம் உண்ணாத ஒன்றை நாட்டின் பொதுக் களஞ்சியத்துக்காக அவர்கள் விளைவிக்கிறார்கள். அரிசி உண்பவர்கள் நாம். அதற்கான நீரைத் தருபவர்கள் அவர்கள். ஒரு கிலோ அரிசிக்கு மூவாயிரம் முதல் ஐயாயிரம் லிட்டர் வரை நீர் செலவாகிறது என்பார்கள். ஆகவே ஒரு மூட்டை அரிசி இரயிலேறும்போது அதனுடன் ஒரு குளமும் புறப்பட்டுப் போகிறது எனலாம். 1968ஆம் ஆண்டிலேயே, புதிய விதைகளின் வெற்றி முரசு ஓயாதிருந்த வேளையில், நிலத்தடி நீரை முறையின்றி உறிஞ்சினால் அந்த மூலதனமே வற்றிப்போகும் என்று அறிவியல் மாநாட்டு மேடையில் எச்சரித்தவரும் சுவாமிநாதனே என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

ஏட்டில் கண்ட இச்செய்திகளை நேரில் காணும் வாய்ப்பு ஒருமுறை நமக்குக் கிட்டியது. நமது பிரிவில் பணியாற்றும் சர்தார்ஜி நண்பர், சங்ரூர் மாவட்டத்தில் உள்ள தமது கிராமத்துக்கு நம்மைக் குடும்பத்தோடு அழைத்துச் சென்றார். ஜூன் மாத இறுதி. பீகாரிலிருந்து வந்த தொழிலாளர் முழங்கால் சேற்றில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். நான்கு திசையிலும் மோட்டார்களின் இரைச்சல். கண்ணுக்கெட்டிய வரை நீர் தளும்பும் வயல்களைக் கண்டு நம் இல்லத்தரசி, தஞ்சாவூர்ப் பக்கம் வந்துவிட்டோமோ என்று வியந்தார். ஒரு வேறுபாடு உண்டு. தஞ்சையில் நீர் வாய்க்காலில் வரும். இங்கே பூமிக்குள்ளிருந்து வருகிறது.

நண்பரின் தந்தையார் எண்பதைக் கடந்தவர். கயிற்றுக் கட்டிலில் அமர்ந்தபடி, கையிலிருந்த தடியால் நிலத்தில் கோடு கிழித்துக் காட்டினார்.

“பேட்டா, நான் சிறுவனாக இருந்தபோது மாடு கட்டி ரஹட் இறைத்தோம். இருபதடியில் தண்ணீர். கோதுமை, கடலை, மக்காச்சோளம், பருத்தி எல்லாம் போட்டோம். பிறகு குழிக்குள் மோட்டார் வைத்தோம். தண்ணீர் இறங்க இறங்கக் குழியையும் தோண்டிக்கொண்டே போனோம். பிறகு குழியே பயனில்லாமல் நீர்மூழ்கி மோட்டார் வந்தது. இப்போது தண்ணீர் நூற்றிருபதடிக்குப் போய்விட்டது. குழாய் முந்நூறு அடிக்கு மேல் இறங்கியிருக்கிறது. ஐந்து குதிரைச் சக்தி இருந்த இடத்தில் பதினைந்து.”

“இவ்வளவு நீர் குடிக்கும் நெல்லை விட்டுவிடலாமே, பாபுஜி?” என்று கேட்டோம்.

அவர் சினம் கொள்ளவில்லை. “மக்காச்சோளம் போட்டால் மண்டியில் யார் என்ன விலைக்கு எடுப்பார் என்று எனக்குத் தெரியாது. நெல் போட்டால் சர்க்கார் எடுத்துக்கொள்ளும். விலை முன்கூட்டியே தெரியும். ஆடத்தியா கடன் கொடுப்பதும் நெல்லை நம்பித்தான். நீ மாதச் சம்பளக்காரன். அடுத்த மாதம் சம்பளம் எவ்வளவு என்று தெரியாத வேலைக்கு நீ போவாயா?” என்றார்.

அதற்கு நம்மிடம் விடையில்லை.

தில்லி திரும்பியதும், கணக்குப் பார்ப்பதே தொழிலாகிவிட்ட நாம் ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டோம். ஆயிரம் லிட்டர் நீரை நூறு அடி உயரம் தூக்குவதற்கு, ஏட்டுக் கணக்குப்படி, ஒரு யூனிட் மின்சாரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு போதும். மோட்டாரிலும் குழாயிலும் பாதி வீணாகும் என்று வைத்தால் ஆறில் ஒரு பங்கு. ஓர் ஏக்கர் நெல்லுக்கு ஒரு பருவத்தில் நாற்பது லட்சம் லிட்டர் இறைப்பதாகக் கொள்வோம். அது வயல் முழுவதும் மூன்றடி உயரத்துக்கு மேல் நீர் நிறுத்தும் அளவு. நீர்மட்டம் இருபதடியில் இருந்தபோது அதற்குச் சுமார் 130 யூனிட் செலவாகியிருக்கும். நூற்றிருபதடிக்கு இறங்கிய பின் அதே நெல்லுக்கு 800 யூனிட். மின்சாரம் ஆறு மடங்காயிற்று. நெல் ஒரு மணிகூட மிகவில்லை.

இந்த 800 யூனிட்டுக்கும் விவசாயி காசு தருவதில்லை. பஞ்சாபில் 1997 முதல், இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, பம்பு செட்டுக்கு மின்சாரம் இலவசம். நம் தமிழகம் 1980களிலேயே இவ்வழியில் நடக்கத் தொடங்கிவிட்டது. ஏழை உழவனுக்கு உதவும் நல்லெண்ணத்தில் பிறந்த திட்டம் இது என்பதில் ஐயமில்லை. ஆனால் விலையில்லாத பொருளுக்கு அளவும் இல்லாமல் போகிறது. மின்சாரம் எந்நேரம் வந்தாலும் தானே ஓடத் தொடங்கும்படி மோட்டாரில் தானியங்கிக் கருவியைப் பொருத்திவிட்டு உழவர் உறங்கச் செல்கிறார். நள்ளிரவில் வயல் நிறைந்து வரப்பு வழிந்தாலும் கேட்பாரில்லை. இவ்வாறு ஓடும் ஆழ்துளைக் கிணறுகள் பஞ்சாபில் மட்டும் சுமார் 14 லட்சம். 2023ஆம் ஆண்டு மத்திய நிலத்தடி நீர் மதிப்பீட்டின்படி, அம்மாநிலத்தின் 153 வட்டாரங்களில் 117 வட்டாரங்கள் அளவு மீறி உறிஞ்சப்பட்டவை. நூறு லிட்டர் ஊறும் இடத்தில் நூற்றறுபதுக்கு மேல் எடுக்கிறார்கள்.

இலவசம் என்று மின்சாரப் பேரேட்டில் எழுதப்பட்ட தொகை, நீர்ப் பேரேட்டில் பற்று வைக்கப்பட்டது. அங்கிருந்து அது இன்னொரு பேரேட்டுக்கும் போயிற்று. நிலத்தடி நீரைக் காப்பதற்காகப் பஞ்சாப் 2009இல் ஒரு சட்டம் இயற்றியது. ஜூன் பத்தாம் தேதிக்கு முன்னர் நாற்று நடக் கூடாது என்பது அதன் சாரம். கொளுத்தும் மே மாதத்தில் நட்டால் நீர் ஆவியாகிப் போகும். மழையை ஒட்டி நட்டால் மிச்சமாகும். சட்டத்தின் நோக்கம் செம்மையானதே. ஆனால் நடவு தள்ளியதால் அறுவடையும் தள்ளியது. நெல்லை அறுத்துக் கோதுமை விதைப்பதற்கு இடையே இரண்டு மூன்று வாரமே மிஞ்சியது. அறுவடை இயந்திரம் விட்டுச் சென்ற தாளை அகற்ற ஆளுமில்லை, நாளுமில்லை. தீ வைப்பதே எளிது. காற்று ஓய்ந்துவிடும் நவம்பரில் அந்தப் புகை தில்லியை வந்தடைகிறது. தலைநகரின் நச்சுக் காற்றுக்கு வாகனமும் புழுதியும் ஆலையும் ஆண்டு முழுவதும் காரணங்களே. அவற்றோடு இதுவும் சேர்கிறது. 2016 நவம்பரில் பள்ளிகளை மூடினார்களே, அந்த நாட்களில் நம் மகள் இரவெல்லாம் இருமினாள். அவளை மடியில் கிடத்திக்கொண்டு விழித்திருந்த வேளையில் இந்தச் சங்கிலி நமக்குப் புலப்படவில்லை. கிராமத்துப் பெரியவரின் சொல்லைக் கேட்ட பிறகே கண்ணிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

ஒவ்வொரு துறையும் தன்னளவில் சரியாகவே செய்தது என்பதுதான் இதில் வியப்பு. உணவுத் துறை பசியைப் போக்கியது. மின் துறை உழவனுக்குக் கை கொடுத்தது. நீரைக் காக்கச் சட்டம் வந்தது. ஒவ்வொரு கோப்பிலும் குறிப்பு முறையாக எழுதப்பட்டு, முறையாக ஒப்புதல் பெற்றது. மூன்று கோப்புகளையும் ஒரே மேசையில் விரித்து வைத்துப் பார்க்கும் பணி மட்டும் எவருக்கும் ஒதுக்கப்படவில்லை.

அவ்வாறு பார்க்கும் முயற்சிகள் இல்லாமலும் இல்லை. பயிர்களை மாற்ற வேண்டும் என்று ஜோல் குழு 1986இலேயே பஞ்சாபுக்கு அறிவுறுத்தியது. குஜராத் 2003 முதல் கிராமத்து வீடுகளுக்கும் வயல்களுக்கும் மின்தடங்களைத் தனித்தனியாகப் பிரித்து, வயலுக்கு நாளில் எட்டு மணி நேரம் குறைவற்ற மின்னழுத்தத்தில் மின்சாரம் தந்தது. அளவு குறைந்தாலும் நம்பத் தக்கதாக இருந்ததால் உழவர் ஏற்றார்கள். பஞ்சாபில் 2018இல் ‘பானி பச்சாவோ, பைசே கமாவோ’ என்றொரு திட்டம் வந்தது. தண்ணீரைச் சேமி, காசு சம்பாதி என்பது பொருள். ஒதுக்கிய மின்சாரத்தில் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் நான்கு ரூபாய் உழவர் கணக்கில் சேரும். எதையும் பறிக்காமல், மிச்சத்துக்கு விலை வைத்த முறை இது. லூதியானா வேளாண் பல்கலைக்கழகம் தந்த பி.ஆர். 126 என்ற நெல், நீண்ட நாள் நிற்கும் பழைய இரகத்தைவிட ஒரு மாதத்துக்கு மேல் முன்னதாக விளைகிறது. நீரும் மிச்சம், தாளை அகற்ற நாளும் மிச்சம். சூரிய ஒளியால் ஓடும் பம்புகளும் பெருகி வருகின்றன. மின் வாரியத்தின் சுமையை அவை குறைக்கும். ஆயினும் வெயிலுக்கும் விலையில்லை. உபரி மின்சாரத்தை உழவரிடம் விலைக்கு வாங்க ஏற்பாடு இல்லையேல், பகல் முழுவதும் நீர் கொட்டிக்கொண்டே இருக்கும்.

இவையெல்லாம் பஞ்சாபின் கதை என்று நாம் ஒதுங்கி நிற்க இயலாது. நமது குடியிருப்பில் குழாய் நீர் மந்தமாக வந்தபோது, ஒருவர் ‘டுல்லு’ பம்பைப் பொருத்தி இழுத்தார். அவருக்கு நீர் வந்தது. மேல் மாடிக்கு நின்றது. மேல் மாடிக்காரர் அவரினும் பெரிய பம்பு வாங்கினார். ஓராண்டில் எல்லார் வீட்டிலும் பம்பு இருந்தது. நீர் பழைய அளவே வந்தது. மின் கட்டணம் மட்டும் ஏறிற்று. பதினான்கு லட்சம் கிணறுகளின் வரலாற்றை எட்டு வீடுகள் ஓராண்டில் நடத்திக் காட்டின.

கடைசியாக நமது சொந்த ஊர். பெரம்பலூர் மாவட்டத்துச் சிற்றூர். ஏரிப் பாசனம் இருந்த காலத்தில் நீர்கட்டி என்று ஒருவர் உண்டு. எந்த வயலுக்கு எத்தனை நாழிகை மடை திறப்பது என்பது அவர் பொறுப்பு. ஏரியில் நீர் குறைந்தால் ஊருக்கே தெரியும். எல்லாரும் சேர்ந்து பரப்பைக் குறைப்பார்கள். நிலத்தடி நீர் குறைவது எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. நம் தந்தையார் வெட்டிய நாற்பதடிக் கிணறு இப்போது காய்ந்து கிடக்கிறது. சென்ற கோடையில் அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். இருந்த ஆழ்துளைக் கிணறும் வற்றிவிட்டது என்றும், இன்னும் முந்நூறு அடி இறக்க ஒன்றரை லட்சம் வேண்டும் என்றும் சொன்னார்.

நாம் சற்றுத் தயங்கினோம். பஞ்சாபில் கண்டதைச் சொன்னோம். அண்ணன் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “தம்பி, நீ சொல்வது சரி. ஆனால் தில்லியில் நீ குழாயைத் திறந்தால் எங்கேயோ இருந்து தண்ணீர் வந்துவிடுகிறது. எனக்கு எங்கிருந்தும் வராது. இரண்டு ஏக்கர் நெல் கதிர் பிடிக்கும் நிலையில் நிற்கிறது. அதைக் காய விட்டுவிட்டு நான் என்ன செய்யட்டும்?” என்றார்.

சங்ரூர்ப் பெரியவர் கேட்ட கேள்விதான் அது. கொள்கை பேசுவோர் எவரும் முதலில் விடை சொல்ல வேண்டிய கேள்வியும் அதுவே. நீரைச் சேமிப்பவனுக்கு அந்த ஆண்டின் வயிற்றுப்பாட்டுக்கு வழி சொல்லாமல், நீரைச் சேமி என்று மட்டும் சொல்வது அறிவுரையாகாது.

சேமநிதியிலிருந்து முன்பணம் பெற்று அனுப்பினோம். கூடவே ஓர் ஏற்பாடும் செய்துகொண்டோம். இனிக் கோடையில் நெல் வேண்டாம். எள்ளும் உளுந்தும் போடுவது. அதனால் வருமானம் குறைந்தால் அந்தக் குறையை இரண்டு ஆண்டுகளுக்கு நாம் ஈடுசெய்வது. ஏரிக்கு நீர் வரும் வாரியைத் தூர் வார ஊரார் கூடினால் நம் பங்கையும் அனுப்புவது. அண்ணன் மறுக்கவில்லை, உடன்பட்டதாகவும் சொல்லவில்லை. “பார்ப்போம்” என்றார்.

இங்கே வீட்டில், பர்மல் அரிசியில் பாதியைக் குறைத்துக் கம்பும் கேழ்வரகும் சேர்த்து மாவரைக்கிறார் இல்லத்தரசி. முதலில் முகம் சுளித்த மகள் இப்போது உண்ணுகிறாள். ஒரு வீட்டு இட்லியால் பஞ்சாபின் நீர்மட்டம் உயர்ந்துவிடாது என்பதை நாம் அறிவோம். ஆனால் மாற்றுத் தானியத்தை வாங்குவோர் இருந்தால்தான், விளைவிப்பவர் அதை நம்பி விதைப்பார். அவர் எதிர்பார்க்கும் உறுதியை அரசாங்கம் கொள்முதலால் தர வேண்டும். உண்பவர்களாகிய நாமும் சிறிதளவேனும் தரலாம். அதற்கு, நீருக்கும் மின்சாரத்துக்கும் அரிசிக்கும் தனித்தனியே எழுதும் மூன்று வரிகளையும் மாதத்துக்கு ஒருமுறையேனும் ஒன்றாகக் கூட்டிப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

மாசி மாதம் அறுவடை முடியும். அதன்பின் அண்ணன் என்ன விதைக்கிறார் என்பதை அறிய நாமும் காத்திருக்கிறோம்.